கடலடியில் நாடா பிடிப்பவர்கள்

உலகக் கடல்களில் பவளப்பாறைகள் நான்காவது முறையாகப் பெருமளவில் வெப்பத்தால் நிறமிழந்து வெளுத்து வருவதாக அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா 2024 ஏப்ரல் 15 அன்று அறிவித்தது. வெப்பத்தின் அளவுக்கேற்ப நிறம் தீட்டிய உலக வரைபடம் ஒன்று அந்தச் செய்தியோடு எல்லா ஊடகங்களிலும் வந்தது. அந்தக் கோடையில் மன்னார் வளைகுடாவிலும் லட்சத்தீவிலும் பவளங்கள் வெளுத்தன. இன்றைய வெப்பத்தைக் காட்டும் இந்த வரைபடத்தைப் போல, நாளைய நிலையைக் காட்டும் வரைபடங்களும் உண்டு. இந்த நூற்றாண்டின் நடுவிலும் முடிவிலும் பவளம் எந்தக் கடலில் வாழ முடியும், எந்தக் கடலில் முடியாது என்று அவை பிரித்துச் சொல்கின்றன. எந்தப் பாறையைக் காப்பாற்றப் பணம் ஒதுக்குவது, எந்தத் தீவைச் சுற்றி மீன்பிடியைக் கட்டுப்படுத்துவது என்ற முடிவுகள் இனி இவற்றை வைத்தே எடுக்கப்படும். இத்தகைய வரைபடம் உருவாவதில் யார் யாருடைய உழைப்பு சேர்ந்திருக்கிறது என்று அறிய, தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இந்த வேலையோடு தொடர்புள்ளவர்களைத் தேடிப் போனேன். பார்த்ததிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தேன். கணினித் திரையில் தெரியும் வரைபடம் அடிப்படையில் ஒரு கைத்தொழில். கடலுக்குள் இறங்கி அளப்பவர்களையும் கடலை நெடுங்காலம் அறிந்தவர்களையும் விட்டுவிட்டு வரைந்தால், அது பவளத்தைப் பற்றியும் தவறாகச் சொல்லும், மனிதர்களுக்கும் அநீதி செய்யும்.

கணினிக்குள் நடக்கும் கணக்கின் எல்லாப் படிகளையும் இங்கே விளக்கப் போவதில்லை. அதன் தர்க்கம் எளிமையானது. பவளத்துக்குத் தேவையான வெப்பம், உப்பு, வெளிச்சம், கூடு கட்டுவதற்கான சுண்ணாம்புச் செறிவு ஆகியவற்றின் எல்லைகளை வகுக்கும் முயற்சியை ஜோன் க்ளேபாஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1999இல் செய்தார்கள். பிறகு மேக்ஸென்ட் போன்ற கணினி முறைகள் வந்தன. பவளம் இன்று இருக்கும் இடங்களைக் கணினிக்குக் காட்டினால், அந்த இடங்களின் நீர் எப்படிப்பட்டது என்று அது கற்றுக்கொள்ளும். வருங்காலக் கடலின் வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் கொடுத்தால், அதே தன்மை எங்கே எஞ்சும் என்று தேடிச் சொல்லும். ஆக, இந்த முறை முழுவதும் ஒரே தூணின் மேல் நிற்கிறது. பவளம் இன்று எங்கே, எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்ற தகவலே அந்தத் தூண். அது பிசகினால் மேலே கட்டியதெல்லாம் பிசகும்.

அந்தத் தகவலைத் தருவது ஓர் அளவு நாடா. முத்துக்குளிப்புக்கும் சங்குக்குளிப்புக்கும் பேர்போன இந்தக் கடலில், இன்று ஆய்வுக்காக முங்குபவர்கள் கொண்டுபோகும் முதன்மையான கருவி அதுதான். 20 மீட்டர் நாடாவைப் பாறையின் மேல் இழுத்துக் கட்டுகிறார்கள். ஒருவர் அதன் மேலாக மெல்ல நீந்திப் போகிறார். நாடாவுக்கு நேர்கீழே எந்த சென்டிமீட்டரில் உயிருள்ள பவளம் தொடங்குகிறது, எதில் முடிகிறது, அடுத்து வருவது செத்த பவளமா, பாசியா, மணலா என்று நீருக்கடியில் எழுதக்கூடிய பலகையில் பென்சிலால் குறிக்கிறார். மானின் கொம்புபோல் கிளைத்தது, தட்டுப்போல் விரிந்தது, உருண்டையாகத் திரண்டது என்று பவளத்தின் வகையையும் அங்கேயே முடிவு செய்ய வேண்டும். நீரோட்டம் ஆளை இழுக்கும். நாடா நகர்ந்தால் கணக்கு கெடும். வாடைக்காலத்தில் கை எட்டும் தூரம்கூடத் தெளிவாகத் தெரியாத கலங்கல். இப்படிச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகச் சேர்த்த அளவுகளிலிருந்துதான், 2016 கோடை வெளுப்புக்குப் பின் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாக விழுந்தது என்பதைத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் சொல்ல முடிந்தது. கிளைப் பவளங்கள் அதிகம் செத்தன, உருண்டைப் பவளங்கள் பெரும்பாலும் தாங்கின என்ற வேறுபாட்டையும் அதே நாடாதான் காட்டியது. வருங்காலத்தைக் கணிக்க விரும்புபவருக்கு இதைவிடப் பெரிய செய்தி இல்லை. பவளம் என்று ஒரே பெயரில் அழைத்தாலும், எல்லாம் ஒரே வெப்பத்தில் சாவதில்லை.

இனி இதை வானத்திலிருந்து பார்க்கும் அளவோடு ஒப்பிடுவோம். வெளுப்பு எச்சரிக்கைக்கு நோவா பயன்படுத்தும் செயற்கைக்கோள் வெப்பப் படத்தில் ஒரு கட்டம் ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு 5 கிலோமீட்டர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளின் நிலப்பரப்பையும் ஒன்றாகச் சேர்த்தாலே சுமார் 6 சதுர கிலோமீட்டர்தான் வரும். அப்படியானால் ஒரு கட்டத்துக்குள் ஒரு தீவும், அதைச் சுற்றிய பாறையும், அதன் கரைப்பக்கக் கலங்கலும், கடல்பக்கத் தெளிநீரும் ஒரே எண்ணாகக் கரைந்துவிடுகின்றன. காலத்திலும் இதே சிக்கல் உண்டு. இந்தக் கடல் ஏப்ரல் முதல் ஜூன் வரை சூடேறுகிறது. சோழகக் காற்றும் கச்சான் காற்றும் வலுத்து வீசி நீரைக் கலக்கும்போது வெப்பம் இறங்குகிறது. காற்று உரிய நேரத்தில் எழுந்தால் வெளுத்த பவளம் பிழைக்கும். சில வாரம் தள்ளிப்போனால் சாகும். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலான வெப்பம் நான்கு வாரம் நின்றால் வெளுப்பு, எட்டு வாரம் நின்றால் பரவலான சாவு என்பது நோவாவின் கணக்கு. எனவே சில வாரங்களின் வேறுபாடே உயிருக்கும் சாவுக்கும் இடையில் நிற்கிறது. வருங்கால வரைபடங்களோ பெரும்பாலும் மாதச் சராசரியிலும் ஆண்டுச் சராசரியிலும் பேசுகின்றன. காற்று எந்த வாரம் எழுந்தது, எந்தத் தீவின் எந்தப் பக்கம் நீர் தேங்கி நின்றது என்பதை அன்றாடம் அறிபவர்கள் வத்தை, வல்லம் போன்ற படகுகளில் தொழிலுக்குப் போகிறவர்கள்.

இதைவிட ஆழமான பிழை ஒன்று இருக்கிறது. என் வாதத்தின் மையமும் அதுவே. பவளம் இன்று இருக்கும் இடமெல்லாம் அதற்கு ஏற்ற இடம் என்று கணினி கொள்கிறது. இல்லாத இடத்தை ஏற்பில்லாத இடமாகக் கருதும் சாய்வும் அதனாலேயே வந்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவின் வரலாறு இதை மறுக்கிறது. இங்கே பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புச் சூளைகளுக்கும் ஆலைகளுக்கும் ஏற்றினார்கள். சுமார் 110 சதுர கிலோமீட்டராக இருந்த பாறைப் பரப்பில் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் இப்படி வெட்டியதாலும் நாசகரமான மீன்பிடி முறைகளாலும் சீரழிந்தது என்பது தூத்துக்குடி ஆய்வாளர்களின் மதிப்பீடு. பாறையின் காவல் போனதால் அலை கரையைத் தின்றது. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டும் நீருக்குள் போய்விட்டன. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பிறகே இந்த வெட்டு படிப்படியாக ஓய்ந்தது. அந்த வெற்றிடங்களில் பவளம் இல்லாததற்குக் காரணம் நீரின் தன்மை அல்ல, கடப்பாரை. இந்த வரலாற்றை அறியாத கணினி, அங்குள்ள நீரைப் பவளத்துக்கு ஆகாத நீர் என்று கற்றுக்கொண்டு, வருங்காலத்துக்கும் அதே தீர்ப்பை எழுதும். எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எவ்வளவு கல் எடுக்கப்பட்டது என்பது, அதை எடுக்கக் கூலிக்குப் போனவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அந்த நினைவைப் பதிவு செய்து வரைபடத்தின் ஓர் அடுக்காகச் சேர்ப்பது அவசரமான அறிவியல் வேலை.

பாசி எடுக்கும் பெண்களின் அறிவையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். மரிக்கொழுந்துப் பாசி செத்த பவளக் கல்லின் மேல் பற்றி வளர்வது. அதைத் தேடி, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்கும் பெண், உயிருள்ள பாறை எது, செத்துப்போன கல் எது என்பதைத் தொழிலின் தேவையாகவே பிரித்தறிகிறார். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தமக்குத் தாமே வரம்பு வைத்துக்கொண்ட ஊர்கள் இங்கே உண்டு. வளம் எப்போது குறைகிறது, எப்போது தேறுகிறது என்று ஊரே கூர்ந்து பார்த்ததால்தான் இப்படி ஒரு வரம்பு பிறக்க முடியும். ஆனால் 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து அரசின் ஏடுகளில் இவர்கள் பெரும்பாலும் அத்துமீறி நுழைபவர்களாகவே இடம்பெறுகிறார்கள்.

நல்ல செயற்கைக்கோள்கள் வந்துவிட்ட பிறகு எதற்கு இந்த நாடாவும் நினைவும் என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. 2021இல் நிறைவடைந்த ஆலன் பவள வரைபடத் தொகுப்பு, உலகின் ஆழமற்ற பாறைகளைச் சில மீட்டர் துல்லியத்தில் காட்டுகிறது. அது பெரிய சாதனை. ஆனால் அந்தத் தொகுப்பே கடலடியை வகைப்படுத்தும்போது பவளத்தையும் பாசியையும் ஒரே வகுப்பில் வைக்கிறது. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இரண்டையும் நம்பகமாகப் பிரிப்பது அவ்வளவு கடினம். செத்த பாறையை மூடுவது பாசிதான் என்பதால், பாறை உயிரோடிருக்கிறதா என்ற கேள்விக்கே அங்கு விடை கிடைப்பதில்லை. கலங்கல் நீரில் சிக்கல் இன்னும் கூடும். செயற்கைக்கோள் எங்கே தேட வேண்டும் என்று சொல்லும். என்ன இருக்கிறது என்பதை முங்கித்தான் பார்க்க வேண்டும்.

நினைவை நம்பி அறிவியல் செய்யலாமா என்பது அடுத்த மறுப்பு. ஒருவரின் நினைவை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. உயிருள்ள பவளம் எத்தனை சதவீதம் என்று நினைவு சொல்லாது. எந்த இடத்தில் இருந்தது என்று சொல்லும். கரையிலுள்ள கோபுரத்தையும் மரத்தையும் நேர்கோட்டில் வைத்து நடுக்கடலில் பாரைக் கண்டுபிடித்து வலை போட்டவர்களின் இட அறிவு, நாள்தோறும் மீன்பாட்டால் சோதிக்கப்பட்ட அறிவு. பலர் தனித்தனியே சொன்னதை ஒப்பிட்டு, அந்த இடத்தில் முங்கிப் பார்த்துச் சரிபார்க்கலாம். வெட்டிய தடமும் பவளத் துணுக்குகளும் சாட்சி சொல்லும். மண்டபத்தில் 1960களிலும் 70களிலும் சி. எஸ். கோபிநாத பிள்ளை போன்ற அறிஞர்கள் எழுதிவைத்த பதிவுகளும் உதவும்.

பவளம் எப்படியும் அழியப் போகிறது, அல்லது குளிர்ந்த கடலுக்கு நகர்ந்துவிடும், எனவே இவ்வளவு நுணுக்கம் வீண் என்று இரு பக்கத்திலிருந்தும் சொல்பவர்கள் உண்டு. புவி வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தால் வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதமும், 2 டிகிரி உயர்ந்தால் 99 சதவீதத்துக்கு மேலும் இழக்க நேரும் என்று பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2018இல் எச்சரித்தது. எஞ்சக்கூடிய அந்தச் சிறு பங்கு எங்கே இருக்கிறது என்பதுதான் இனி எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. மிச்சம் குறையக் குறைய அளவின் நுணுக்கம் கூடத்தான் வேண்டும். நகர்ந்துவிடும் என்பதற்கு ஜப்பானியக் கரையில் சான்று உண்டு. அங்கே சில பவள இனங்கள் வடக்கே பரவியிருக்கின்றன. ஆனால் துருவத்தை நோக்கிப் போகப்போகக் குளிர்கால வெளிச்சம் குறையும். நீர் சூடானாலும் சூரியன் இடம் மாறாது. மன்னார் வளைகுடாவுக்கோ வடக்கே கலங்கலான பாக் விரிகுடாவும், அதற்கப்பால் நிலமும்தான் இருக்கின்றன. இங்குள்ள பவளம் இங்கேயேதான் பிழைத்தாக வேண்டும்.

கடைசி மறுப்பு கடுமையானது. பாறையை வெட்டியதும் நாசவலை போட்டதும் இதே கடற்கரை மக்கள்தானே, அவர்களை எப்படி நம்புவது? வெட்டியது அவர்கள் கைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வல்லம் நிறையக் கல் ஏற்றியவருக்குக் கிடைத்தது கூலி. லாபம் சூளைக்கும் ஆலைக்கும் நடுவில் நின்ற வியாபாரிக்கும் போனது. பாசியிலும் இதே கதைதான்: முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்வதே விலை. கடலைச் சூடாக்கிய புகையில் இந்த ஊர்களின் பங்கு மிகச் சொற்பம். வரைபடத் தொழிலிலும் அதே வழக்கம் நுழைந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. இடம் காட்டிய படகோட்டிக்கும், நாடா பிடித்தவருக்கும், பாசிக்காரப் பெண்ணுக்கும் ஒருநாள் கூலியோடு கணக்கு முடிந்து, அவர்கள் தந்த தகவல் திட்ட அறிக்கையாக விலைபோய், கடைசியில் அவர்களையே கடலிலிருந்து விலக்கும் ஆணையாகத் திரும்பி வந்தால், அது இடைத்தரகின் இன்னொரு வடிவம்தான். உழைத்தவரிடம் விலையைக் கேட்காத வியாபாரத்துக்கும், அறிந்தவரிடம் உண்மையைக் கேட்காத ஆய்வுக்கும் அறத்தில் வேறுபாடு இல்லை.

எனவே நான் கேட்பது மூன்று. மன்னார் வளைகுடாவுக்காக வரையப்படும் ஒவ்வொரு வருங்கால வரைபடத்திலும், பவளம் இல்லாத இடம் வெப்பத்தால் இழந்ததா, வெட்டி இழந்ததா என்று பிரித்துக் காட்டப்பட வேண்டும். அப்படிப் பிரித்தால், கான்கிரீட் சட்டங்களில் பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கும் பணிக்கு எந்த இடம் உண்மையில் ஏற்றது என்பதும் தெளிவாகும். அளந்தவர்களும் தகவல் சொன்னவர்களும் முறையான ஊதியத்தோடும், அவர்கள் விரும்பினால் பெயரோடும் அந்த ஆய்வில் இடம்பெற வேண்டும். வரைபடம் அரசாணையாகும் முன், தமிழில் எழுதப்பட்டு, அந்தந்த ஊர்க் கூட்டத்தில் வைக்கப்பட்டு, தவறென்று அவர்கள் காட்டும் இடத்தில் மீண்டும் முங்கி அளக்கப்பட வேண்டும். இதற்குச் செலவும் காலமும் கூடுதலாகும் என்பது உண்மை. தவறான வரைபடத்தை நம்பிப் பிழைக்கக்கூடிய ஒரு பாறையைக் கைவிட்டால் ஆகும் செலவை, பிறகு எந்தத் திட்டத்தாலும் ஈடுகட்ட முடியாது.