படத்தைப் பேச விடுங்கள்

திங்கள்

அடுத்த ஞாயிறு இணைப்புக்கு ஆவணப்படங்களைப் பற்றி ஒரு முழுப்பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். “நல்ல விஷயத்தைச் சொல்ற படங்களாப் பாத்து எடுங்க சார்” என்றார். எனக்கு உடன்பாடில்லாத இடமே அதுதான். கதைப்படம் என்றால் திரைக்கதை, ஒளிப்பதிவு, எடிட்டிங் என்று ஒவ்வொன்றையும் துருவிப் பார்க்கிறோம். காடு, யானை, வறுமை, போர் என்று திரையில் வந்துவிட்டால் மரியாதையாக நாலு வரி பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். விஷயம் நல்லதாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுவது அந்தப் படத்தில் வருகிற மனிதர்களுக்கே செய்கிற அநியாயம். அவர்களை எப்படிக் காட்டியிருக்கிறார்கள், அவர்களைப் பேச விட்டார்களா, இல்லை அவர்களுக்காக வேறு யாரோ பேசுகிறார்களா என்று கேட்க வேண்டாமா?

மாலையில் ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ படத்தை மறுபடி போட்டேன். கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கியது. 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் ரகு என்ற குட்டியை வளர்க்கும் பொம்மனையும் பெள்ளியையும் பற்றியது. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, வெளியாள் குரல் இல்லை என்பது. காட்டையும் யானையையும் நமக்கு விளக்குவதற்கு ஒரு கனத்த குரலை வாடகைக்குப் பிடிக்கவில்லை. காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த அந்த இருவரும் தங்கள் பேச்சுத் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போகிறார்கள். முதல் கணவரைப் புலிக்குப் பறிகொடுத்த பெள்ளி அதே காட்டில் ஒரு குட்டியை மடியில் போட்டு வளர்க்கிறார். அதைப் பக்கத்தில் நின்று இன்னொருவர் விளக்கியிருந்தால் எவ்வளவு மலிவாகியிருக்கும்!

ஆனால் இசை? பெள்ளி ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் இசை வந்து உட்கார்ந்துகொள்கிறது. ரகுவை வேறு பராமரிப்பாளரிடம் ஒப்படைக்க வனத்துறை முடிவெடுக்கும் பகுதியில் அந்தத் தம்பதியின் துக்கம் தெரிகிறது. அந்த முடிவை எடுத்தவர்கள் யார், என்ன காரணம் சொன்னார்கள் என்று படம் போய்க் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியின் இடத்தை இசை நிரப்பிவிட்டது. படம் பிடித்திருக்கிறது என்பதால்தான் இந்தக் குறையைப் பேசாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய், இரவு

‘தி ஹன்ட் ஃபார் வீரப்பன்’, நான்கு பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்த்தேன். செல்வமணி செல்வராஜ் இயக்கி 2023இல் வந்தது. பேச வேண்டியவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வைத்திருக்கிறார். வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி பேசுகிற இடங்கள்தான் இந்தத் தொடரின் உயிர். கல்யாணத்துக்கு முந்தைய நாட்களை நினைக்கும்போது அந்த முகத்தில் வருகிற பிரியத்தை எந்த நடிகையாலும் கொண்டுவர முடியாது. எத்தனையோ உயிர்களைப் பறித்த ஒருவனைப் பற்றிய பிரியம் அது. பார்க்கிற நமக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்தச் சங்கடத்தை இயக்குநர் விட்டுவைத்திருக்கிறார்.

தொடரின் நடை துப்பறியும் கதையினுடையது. ஒவ்வொரு பகுதியும் அடுத்ததைப் பார்க்க இழுக்கிற கொக்கியில் முடிகிறது. மாதேஸ்வரன் மலையில் ‘ஒர்க்‌ஷாப்’ என்று மக்கள் இன்றும் நடுங்கிச் சொல்கிற அந்த விசாரணைக் கூடத்தைத் தொடர் தொடாமல் இல்லை. ஆனால் அங்கே அடிபட்டவர்கள் பேசும்போது வேட்டையின் வேகம் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. 1993 பாலாறு கண்ணிவெடி, 2000இல் கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தல், 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே ஆம்புலன்ஸில் முடிவு என்று சம்பவங்கள் நமக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது அந்த மலைக்கிராமங்களின் இருபது வருஷம். அதிரடிப்படைக்கும் வீரப்பனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு முழுப் பகுதியை ஒதுக்கியிருந்தால் இது நிற்கிற படமாகியிருக்கும்.

புதன்

விலங்குப் படங்களைப் பற்றி ஒரு பத்தி மட்டும். அவற்றில் கேட்கிற சத்தத்தில் பெரும்பகுதி பின்னால் ஸ்டுடியோவில் சேர்த்தது. அரை கிலோமீட்டர் தள்ளி நின்று டெலி லென்ஸில் எடுத்த கரடியின் காலடி மைக்கில் எப்படி விழும்? சோளமாவுப் பையை அமுக்கிப் பனியில் நடக்கிற சத்தத்தை உண்டாக்குவது ஃபோலி கலைஞர்களின் பழைய வித்தை. அதில் எனக்குக் குறையில்லை. பிபிசியின் ‘ஃப்ரோசன் பிளானட்’ 2011இல் பனிக்கரடி குட்டி போடுகிற காட்சியை நெதர்லாந்து மிருகக்காட்சி சாலையில் எடுத்து, வட துருவக் காட்சிகளுக்கு நடுவே சேர்த்தது. கரடிக் குகைக்குள் கேமராவை நுழைத்தால் தாய்க்கும் குட்டிக்கும் ஆபத்து என்பது நியாயமான காரணம். அதைப் படத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் கட்சி. டிஸ்னியின் ‘ஒயிட் வில்டர்னஸ்’ கதை வேறு. லெம்மிங் என்கிற எலி போன்ற பிராணிகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்வதாக 1958இல் காட்டி ஆஸ்கரும் வாங்கியது அந்தப் படம். அவற்றை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து, அவை வாழவே வாழாத ஆல்பெர்ட்டாவில் வைத்து, ஆற்றில் விழ வைத்துப் படமெடுத்தார்கள் என்பதைக் கனடா தொலைக்காட்சி 1982இல் வெளிக்கொண்டுவந்தது. அதற்குள் அந்தப் பொய் உலகம் முழுக்கப் பழமொழி ஆகிவிட்டிருந்தது. அந்தப் பிராணிகள் சாவை நோக்கிப் போகின்றன என்று நம்ப வைத்தது பின்னணிக் குரல்தான். குரலை எடுத்துவிட்டு அந்தக் காட்சியைப் பார்த்தால் பயந்துபோன சின்ன உயிர்கள் தத்தளிப்பது மட்டுமே தெரியும்.

வியாழன்

‘ஷோவா’. மொத்தம் 566 நிமிடம். யூத இனப்படுகொலையைப் பற்றி குளோத் லான்ஸ்மான் 11 வருஷம் உழைத்து 1985இல் வெளியிட்ட படம். ஒரேயொரு பழைய ஃபிலிம் துண்டுகூட இதில் கிடையாது. பிணக்குவியல் இல்லை, ஹிட்லர் கை தூக்கவில்லை, பின்னணி இசை இல்லை. இருப்பதெல்லாம் பேசுகிற முகங்கள், புல் மூடிப்போன இடங்கள், ரயில்கள்.

இன்று பார்த்தது ஆப்ரஹாம் பாம்பா வருகிற பகுதி. ட்ரெப்ளிங்கா முகாமில் விஷவாயு அறைக்குப் போகிற பெண்களுக்கு முடிவெட்ட வைக்கப்பட்டவர் அவர். லான்ஸ்மான் அவரைச் சந்தித்தபோது முடிதிருத்தும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றிருந்தார். டெல் அவிவில் ஒரு சலூனை வாடகைக்கு எடுத்து, நாற்காலியில் ஆளை உட்கார வைத்து, கையில் கத்தரியைக் கொடுத்துப் பேச வைக்கிறார் இயக்குநர். பாம்பா தகவல் சொல்வது போல நிதானமாகத்தான் பேசிக்கொண்டு போகிறார். எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு நேரம் கிடைக்கும், கண்ணாடி இருந்ததா. கத்தரி ஓடிக்கொண்டே இருக்கிறது. தன்னோடு வேலை பார்த்த இன்னொரு முடிதிருத்துபவரின் மனைவியும் சகோதரியும் அந்த அறைக்குள் வந்த நாளைச் சொல்ல ஆரம்பிக்கும்போது குரல் நின்றுவிடுகிறது. உதட்டைக் கடிக்கிறார், துண்டால் முகத்தைத் துடைக்கிறார், என்னால் முடியாது என்கிறார். லான்ஸ்மான் விடவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து மெதுவாக, திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார். கேமராவும் நகரவில்லை.

அந்தச் சலூன் ஜோடிக்கப்பட்டது. ஒரு முதியவரின் காயத்தைக் கீறிப் பேச வைக்க ஓர் இயக்குநருக்கு உரிமை உண்டா என்று கேட்டால் என்னிடம் இன்னும் திடமான பதில் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களில் எனக்குச் சந்தேகமே இல்லை. தன் வற்புறுத்தலை லான்ஸ்மான் வெட்டி எறியவில்லை. அவர் செய்ததை நாம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும்படி வைத்திருக்கிறார். அந்த மௌனத்தின் மேல் ஒரு ஸ்வரத்தைக்கூட வைக்கவில்லை. அழுவதா, கோபப்படுவதா, திரையிலிருந்து கண்ணை எடுப்பதா என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார்.

தமிழில் இந்தத் துணிச்சலுக்குப் பக்கத்தில் வருவது திவ்யா பாரதியின் ‘கக்கூஸ்’. 2017இல் வந்தது. மலம் அள்ளுகிற கைகளை அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நேரம் காட்டுகிறது. ஒலிப்பதிவு பல இடங்களில் கரடுமுரடு. இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே பேசுகிற பெண்கள் யாரும் பரிதாபம் கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் நடுவில் யாரும் நின்று மொழிபெயர்க்கவில்லை. விஷயத்துக்காகப் பாராட்டிவிட்டுப் போகிற படம் அல்ல இது, எடுத்த விதத்துக்காகவே பேசப்பட வேண்டியது.

வெள்ளி

காலையில் ஒரு புதுப்படத்துக்குப் பிரஸ் ஷோ. விமர்சனம் தனியாக வரும். இரண்டரை மணி நேரத்தில் பின்னணி இசை ஓய்ந்த கணம் என்று ஒன்றைக்கூட என்னால் ஞாபகப்படுத்த முடியவில்லை. அம்மா சோறு போடுவதற்கும் இசை. வெளியே வந்தபோது காதுக்குள் ஒரு சுவர் எழும்பியிருந்தது.

அதனால்தான் ராத்திரி ‘கொட்டுக்காளி’யைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பி.எஸ். வினோத்ராஜின் இரண்டாவது படம், 2024. முதல் படம் ‘கூழாங்கல்’ ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது. ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. இது கதைப்படம்தான், ஆவணப்படமில்லை. ஆனால் ஆவணப்படம் எடுப்பவர்கள் எல்லாரும் ஒருமுறை உட்கார்ந்து கேட்க வேண்டிய படம். கேட்க வேண்டிய என்றுதான் எழுதுகிறேன். வேறு சாதிப் பையனை விரும்புகிற மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, குடும்பமே ஷேர் ஆட்டோவிலும் பைக்குகளிலும் பூசாரியைப் பார்க்கக் கிளம்புகிறது. பலி கொடுக்க ஒரு சேவல் கூடவே வருகிறது. பாண்டியாக வருகிற சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறார். அடித்துப் பழகிய ஆணின் அதிகாரம் அந்தக் கரகரத்த குரலில் வெளியே வர முடியாமல் திணறுகிறது. மீனா பேசுவதே இல்லை என்று சொல்லலாம். வழியில் ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டை அவள் வாய்க்குள் முணுமுணுக்கிறாள்; அதற்கு விழுகிறது அடி. படத்தில் அதுவரை இசையே இல்லாததால்தான் அந்த முணுமுணுப்பு அவ்வளவு பெரிய மீறலாகக் கேட்கிறது.

சாலையை மறித்து நிற்கிற காளையை அத்தனை ஆண்களாலும் நகர்த்த முடியவில்லை. ஒரு சிறுமி வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். இசை இருந்திருந்தால் ‘இதோ கருத்து’ என்று கைகாட்டியிருக்கும். இப்போது அது ரோட்டில் நடந்த ஒன்றாக மட்டும் இருக்கிறது, நமக்குள் போய் வேலை செய்கிறது. ஒலி வடிவமைத்த சுரேன் ஜி., அழகியகூத்தன் இருவரின் பெயரையும் கட்டுரையில் போட வேண்டும். ஒலிக் கலைஞர்களின் பெயர் நம் விமர்சனங்களில் வருவதே அபூர்வம்.

தியேட்டரில் இந்தப் படத்துக்கு எழுந்து போனவர்களைப் பார்த்தேன். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எப்போது என்ன உணர வேண்டும் என்று இசை ஊட்டிவிட்டே வளர்த்த ரசனை அது. அந்தப் பழக்கத்தை மாற்ற எழுதுவதும் என் வேலையில் சேர்ந்தது என்றே நினைக்கிறேன்.

சனி

என் தலைமுறை ஆவணப்படத்தை அறிந்ததே பின்னணிக் குரல் வழியாகத்தான். மெயின் படத்துக்கு முன்னால் தியேட்டரில் கட்டாயமாக ஓட்டிய ஃபிலிம்ஸ் டிவிஷன் நியூஸ்ரீல். அணை திறப்பு, வெள்ளச் சேதம், மந்திரியின் மாலை எல்லாவற்றுக்கும் ஒரே ஏற்ற இறக்கத்தில் ஒரு செந்தமிழ். அந்த நிறுவனம் 1948இல் தொடங்கியது. அது வெறும் அரசாங்கக் குரல்தான் என்று ஒதுக்குகிறவர்களுக்கு 1967ஐக் காட்ட ஆசைப்படுகிறேன். எஸ்.என்.எஸ். சாஸ்திரியின் ‘ஐ ஆம் 20’ அந்த வருஷம்தான் வந்தது. சுதந்திரத்தோடு பிறந்த இருபது வயதுக்காரர்களை உட்கார வைத்து நாட்டைப் பற்றிப் பேச விட்டார். நம்பிக்கை, எரிச்சல், அலட்சியம் என்று மாறி மாறி வருகிறது, எதையும் சமன்செய்யவில்லை. ஓவியர் எம்.எஃப். ஹுசைன் ராஜஸ்தானில் குடை, லாந்தர், செருப்பு என்று ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் எடுத்த படம் அதே ஆண்டு பெர்லினில் குறும்படத்துக்கான தங்கக் கரடி வாங்கியது. சுக்தேவின் ‘இந்தியா 67’ ஏறக்குறைய ஒரு மணி நேரம், வர்ணனையே இல்லை. அரசாங்கப் பணத்தில் இவ்வளவு சுதந்திரம் முடிந்திருக்கிறது. இன்று ஓடிடி கம்பெனிகளின் பணத்தில் ஏன் முடியவில்லை என்பது என் பக்கத்தில் வரப்போகிற கேள்வி.

ஞாயிறு

பிரெஞ்சு இயக்குநர் லூயி மாலின் ‘ஃபேன்டம் இந்தியா’வில் சென்னைப் பகுதி. 1968இல் எடுத்தது. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் தேரோட்டம். கூட்டத்துக்குள் நின்று, வடம் பிடிக்கிறவர்களின் தோளோடு தோளாகக் கேமரா நகர்கிறது. பிறகு கலாக்ஷேத்ராவில் நாட்டிய வகுப்பு. ஒரு அடவு சரியாக வருகிறவரை பொறுமையாகப் பார்க்கிறது. ஏழு பகுதிகளும் மாலின் சொந்தக் குரலில்தான் ஓடுகின்றன. வர்ணனை வேண்டாம் என்று வாரம் முழுக்கச் சொல்லிவிட்டு இதை எப்படிப் பாராட்டுகிறேன்? அவர் இந்தியாவை விளக்குவதைவிடத் தன் கண் எங்கே தடுமாறுகிறது என்றுதான் அதிகம் பேசுகிறார். ஜனங்கள் கேமராவை முறைத்துப் பார்க்கிற பார்வையை வெட்டாமல் வைக்கிறார். நான் சண்டை போடுவது, பெயரில்லாமல், முகமில்லாமல், எல்லாம் தெரிந்ததுபோல ஒலிக்கிற குரலோடு. மாலின் முடிவுகள் பலவற்றை நான் ஏற்கவில்லை. அவற்றோடு சண்டை போட முடிகிறது. அன்றைய இந்திய அரசு வேறு மாதிரி சண்டை போட்டது. 1970இல் பிபிசி இதை ஒளிபரப்பியதும் அவர்களுடைய டெல்லி அலுவலகத்தையே மூட வைத்தது.

பக்கத்தை எழுதி அனுப்பிவிட்டேன். இடம் போதவில்லை என்று ஆசிரியர் கூப்பிட்டார். விலங்குப் படப் பத்தியை எடுத்துவிடச் சம்மதித்தேன். ஒலிக் கலைஞர்களின் பெயர்கள் இருந்தே ஆக வேண்டும் என்றேன். இருக்கும் என்றார். ஏ.கே. செட்டியாருக்கு ஒரு வாரம் தனியாகக் கேட்டேன். உலகம் முழுக்க அலைந்து 50,000 அடி ஃபிலிம் திரட்டி, 1940இல் காந்தியைப் பற்றித் தமிழில் முழுநீள ஆவணப்படம் தந்த மனிதர் அவர். தொலைந்துபோன அந்தப் படத்தைத் தேடி வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி அமெரிக்காவில் கண்டெடுத்தது 1953இல் வந்த ஆங்கில வடிவத்தை. தமிழ் வர்ணனையோடு நம் ஊர்த் தியேட்டர்களில் ஓடிய அந்த முதல் பிரதியின் ஒரு சுருளாவது யாருடைய வீட்டுப் பரணிலோ இருக்கலாம். அதைக் கட்டுரையிலேயே வாசகர்களிடம் கேட்டுவிடுகிறேன் என்றேன். “கேளுங்க, தொலைபேசி எண்ணையும் போட்டுடலாம்” என்றார் ஆசிரியர்.