பீஷ்மருக்கு நான்கு எழுத்துகள்

2020 மார்ச் இறுதியில் நாடு முடக்கப்பட்டபோது, வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் மகளிர் விடுதியில் ஊர் திரும்ப இயலாமல் பதினொரு பேர் தங்கிப்போனார்கள். நூலகம் பூட்டிக் கிடந்தது. உணவுக்கூடத்தில் பெரும்பாலும் கிச்சடிதான். மாலை ஏழு மணிக்குப் பொது அறையில் நாற்காலிகளை இடைவெளி விட்டுப் போட்டுக்கொண்டு அனைவரும் மகாபாரதம் பார்த்தார்கள். 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை தூர்தர்ஷன் 94 பகுதிகளாக ஒளிபரப்பிய பி.ஆர். சோப்ராவின் தொடர் அது. முடக்க நாள்களில் மீண்டும் வந்துகொண்டிருந்தது. முதல் ஒளிபரப்பின்போது அந்தப் பதினொருவரில் ஒருவரும் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் ஹரீஷ் பிமானியின் குரலில் காலம் பேசத் தொடங்கியதும் அறை அடங்கிவிடும்.

இரண்டாம் வாரத்தில் கணிதத்துறை மாணவி ஒருத்தி அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டினாள். இடப்பக்கம் பாத்திரங்களின் பெயர்கள், வலப்பக்கம் நான்கு நான்காக எழுத்துகள். மயர்ஸ்–பிரிக்ஸ் வகைகாட்டி தரும் பதினாறு ஆளுமை வகைகளுள் யார் எந்த வகை என்பதே விளையாட்டு. அகமுகமா புறமுகமா, கண்டதை நம்புபவரா உள்ளுணர்வை நம்புபவரா, அறிவால் முடிவெடுப்பவரா உணர்வால் எடுப்பவரா, திட்டம் வகுப்பவரா போகிற போக்கில் போகிறவரா என்று நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டில் ஒரு விடை. இணையம் கண்ட தலைமுறைக்கு இது புதிதன்று. ஷெர்லக் ஹோம்ஸையும் வால்டர் ஒயிட்டையும் லானிஸ்டர் குடும்பத்தையும் இப்படி அடைத்து முடித்த கைகளுக்குக் குரு வம்சம் மட்டும் எம்மாத்திரம்?

சகுனிக்கு ஐந்து நிமிடத்தில் வகை கிடைத்தது. அர்ஜுனனுக்கு ஒரு மாலை போயிற்று. கர்ணனுக்கு மட்டும் மூன்று விடைகள் எழுதப்பட்டு, மூன்றும் அடிக்கப்பட்டு, நான்காவதாக ஒரு கேள்விக்குறி நின்றது. தருமனிடம் அட்டவணை தடுமாறியது. ஒழுங்கும் கடமையும் உருவான மனிதன் என்று எழுதிய கையோடு, சூதாட்டப் பலகையின் முன் அவன் உட்கார்ந்த காட்சி வந்துவிட்டது. பீஷ்மரில் எவருக்கும் ஐயம் எழவில்லை. சொன்ன சொல்லைக் காப்பவர், மரபை மீறாதவர், உணர்ச்சியை வெளியே காட்டாதவர். ஐ-எஸ்-டி-ஜே என்று எழுதி அடிக்கோடும் இட்டாயிற்று.

இந்த எழுத்துகளின் பிறப்புக்கதையில் உளவியலைவிடப் புனைவின் பங்கு அதிகம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காதரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி வாழ்க்கை வரலாறுகளைப் படித்துப் படித்து மனிதர்களை வகைபிரிக்க முற்பட்டவர். 1921இல் ஜெர்மனில் வெளியான கார்ல் யுங்கின் உளவியல் வகைகள் நூல் ஆங்கிலத்தில் கிடைத்ததும், தமது வகைப்பாட்டை அதன் மேல் பொருத்தினார். அவருடைய மகள் இசபெல் மயர்ஸ் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு பெற்றவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வினாத்தாளை உருவாக்கியவர் அவரே. இருவரும் உளவியலை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். உளவியலாளர் பலர் இக்கருவியை ஏற்காமைக்கு வேறு காரணங்கள் உண்டு. ஒருவரே சில வாரங்கள் கழித்து மீண்டும் விடையளித்தால் வகை மாறிவிடுவது சாதாரணம். அகமுகத்துக்கும் புறமுகத்துக்கும் இடையே மக்கள் இரு கூட்டமாகப் பிரிந்து நிற்பதில்லை, பெரும்பாலோர் நடுவிலேயே நிற்கிறார்கள். ஆனால் நாவல் எழுதிய ஒரு கை செய்த கருவி கதைமாந்தர்களுக்கு இத்தனை அழகாகப் பொருந்துவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கதைமாந்தர் சொற்களால் ஆனவர். வகையும் சொற்களால் ஆனது.

ஆளுமை பற்றிய ஆராய்ச்சியின் இன்னொரு பெரிய கிளை அகராதியிலிருந்தே தொடங்கியது. 1936இல் ஆல்போர்ட்டும் ஓட்பெர்ட்டும் வெப்ஸ்டர் அகராதியைப் புரட்டி, ஒரு மனிதரின் நடத்தையை இன்னொருவருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் சொற்களாக 17,953ஐத் தொகுத்தார்கள். பின்வந்தவர்கள் அந்தப் பட்டியலைச் சலித்துச் சலித்துக் குறுக்கினார்கள். இன்று ஆய்வுலகில் வழங்கும் ஐந்து பெரும் கூறுகள் அந்த வழியில் வந்தவை. இந்த உழைப்பின் அடியில் ஓர் எடுகோள் இருக்கிறது: மனிதரிடையே உள்ள முக்கியமான வேறுபாடுகளுக்கு மொழி ஏற்கெனவே பெயர் வைத்திருக்கும். அழகான எடுகோள். ஆனால் ஆங்கில அகராதியின் பெயரடைகளைக் கொண்டு தொடங்கிய தேடல் அது. தேடல் தமிழிலோ இந்தியிலோ தொடங்கியிருந்தால் கண்ணில் முதலில் பட்டிருக்கக்கூடியது வேறு.

விடுதியின் பதினொருவரில் ஒருத்தி மொழியியல் ஆய்வு மாணவி. தமிழ்நாட்டவள், அங்கிருந்தவர்களில் மூத்தவள். அட்டவணைச் சண்டைகளுக்கு நடுவே அவள் ஒன்றைக் கவனித்தாள். இந்தியில் வாதாடியவர்கள் பீமனைப் பற்றிப் பேசும்போது, அவனுக்குக் கோபம் வருகிறது என்று நான்காம் வேற்றுமையில்தான் சொன்னார்கள். தமிழிலும் அப்படியே: அவனுக்குக் கோபம் வந்தது, அவளுக்குப் பயமாயிருந்தது, எனக்குத் தோன்றவில்லை. உணர்பவர் எழுவாயாக நிற்பதில்லை. உணர்ச்சி எங்கிருந்தோ வந்து சேரும் இடமாக நிற்கிறார். வந்தது போகவும் கூடும். திராவிட மொழிகளும் இந்தோ-ஆரிய மொழிகளும் குடும்ப எல்லையைக் கடந்து பகிர்ந்துகொள்ளும் கூறுகளுள் இது ஒன்று என்று அவள் தன் இளையவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறாள். ஆனால் பேச்சு அட்டவணைப் பக்கம் திரும்பியதும் வாக்கியம் மாறிவிடும். கோபம் வந்தவன் கோபக்காரன் ஆவான், பயந்தவன் பயந்தாங்கொள்ளி ஆவான். வினை பெயராக இறுகிவிடும்.

இறுகியது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது. அதற்கான காரணம் முந்தைய நவம்பரில் இருக்கிறது.

அந்த நவம்பரில் துறைக் கருத்தரங்கில் செல்வாக்குள்ள ஒருவர் கட்டுரை வாசித்தார். மலையடிவார ஊர் ஒன்றின் வாய்மொழிக் கதைகளைப் பற்றியது. கதைகளைப் பதிவு செய்திருந்தவள் ஓர் இளைய ஆய்வு மாணவி. இரண்டு கோடைகள் அந்த ஊரில் தங்கி, கிழவிகளோடு அடுப்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கதையாகச் சேர்த்திருந்தாள். ஒலிபெயர்ப்புக்கு உதவியவள் இந்த மூத்தவள். வாசிப்பு முடிந்ததும் தலைமை வகித்தவர் இவை யாருடைய பதிவுகள் என்று கேட்டார். திட்டத்தின் பொதுச் சேகரிப்பு என்று விடை வந்தது. அவையில் உண்மை தெரிந்தவர்கள் நான்கைந்து பேராவது இருந்தார்கள். இளையவள் மூன்றாம் வரிசையிலிருந்து திரும்பி மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் தன் குறிப்பேட்டைப் பார்த்தாள். அடுத்த கேள்விக்கு அவை நகர்ந்தது. உதவித்தொகை நீட்டிப்புக்கான கடிதத்தில் அந்தச் செல்வாக்குள்ளவரின் கையெழுத்து அவளுக்கு வேண்டியிருந்தது; அதையும் சொல்லிவிடுவதே நியாயம்.

முடக்கத்தில் சிக்கிய பதினொருவரில் இளையவளும் இருந்தாள்.

சூதாட்டக் காட்சி வந்த மாலையில் எவரும் அட்டவணையைத் தொடவில்லை. ரூபா கங்குலியின் திரௌபதி அவை நடுவே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டபோது, முகேஷ் கன்னாவின் பீஷ்மர் தலை கவிழ்ந்திருந்தார். வியாசர் பெயரில் வழங்கும் மூலத்தில் அந்தக் கேள்வி வியக்கத்தக்க துல்லியம் கொண்டது. தருமன் முதலில் தன்னைத் தோற்றானா, அவளைத் தோற்றானா? தன்னை முன்பே இழந்தவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க ஏது உரிமை? இரக்கம் கேட்ட குரலன்று அது. வரிசையைக் கேட்ட குரல். பீஷ்மர் இரு பக்க நியாயத்தையும் எடுத்துச் சொல்லி, தருமம் நுட்பமானது, தம்மால் தீர்மானிக்க இயலவில்லை என்கிறார். கௌரவர் நூற்றுவரில் ஒருவனான விகர்ணன் எழுந்து, அவள் வெல்லப்படவில்லை என்று சொல்கிறான். விகர்ணன் பெயர் அட்டவணையில் இல்லை. அவனுக்கு வகை தேடும் அளவுக்கு அவனைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. ஒரு முறை எழுந்து பேசினான், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து விளையாட்டு பார்வையாளர்கள் பக்கம் திரும்பியது. ஒவ்வொருவரும் கைப்பேசியில் வினாக்களுக்கு விடையளித்தார்கள். மூத்தவளுக்கு வந்தது ஐ-எஸ்-டி-ஜே. பிதாமகி என்று கூவிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று இரவு, பல மாதங்களுக்குப் பிறகு, நவம்பரை எண்ணாமல் தூங்கினாள். மோதலைத் தவிர்ப்பவர், நிறுவன ஒழுங்கை மதிப்பவர், பலர் முன்னிலையில் உடனடியாக எதிர்வினையாற்றத் தயங்குபவர் என்று கைப்பேசித் திரை சொல்லியிருந்தது. ஆக அது அவள் செய்தது அன்று, அவள் இருக்கும் விதம்.

மறுநாள் காலை தட்டு கழுவும் தொட்டியருகே இளையவள் அவளிடம் கேட்டாள்:

“தீதி, உங்களுக்கு அந்த நான்கு எழுத்துகள் வந்ததில் நிம்மதியா?”

மூத்தவள் விளையாட்டுத்தானே என்றாள்.

“நீங்கள் அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று நான் எத்தனையோ காரணம் யோசித்துப் பார்த்தேன். பயம் என்று நினைத்தேன். உதவித்தொகை என்று நினைத்தேன். இரண்டும் எனக்குப் புரியக்கூடியவை. இது மட்டும் தோன்றவே இல்லை.” தட்டைக் கவிழ்த்து வைத்தாள். “பயம் என்றால், அடுத்த தடவை பயம் வராமல் போகலாம் இல்லையா, தீதி?”

மொழியியல் படித்தவளுக்கு அந்த வாக்கியத்தின் வேற்றுமை உருபை இன்னொருவர் விளக்கத் தேவையில்லை.

பழைய இந்திய நாடகவியலும் வகைபிரித்தலுக்குச் சளைத்ததன்று. நாட்டியசாஸ்திரம் நாயகரை நால்வகையாக்கியது: தீரோதாத்தன், தீரலலிதன், தீரப்பிரசாந்தன், தீரோத்ததன். அங்கே வகை பிறப்போடும் பதவியோடும் கட்டுண்டது. தேவர்க்கு ஒன்று, அரசர்க்கு ஒன்று, அமைச்சருக்கும் படைத்தலைவருக்கும் ஒன்று, அந்தணர்க்கும் வணிகர்க்கும் ஒன்று. அதைப் படிக்கும்போது இன்றைய பதினாறு வகை பரவாயில்லை என்றே தோன்றும். ஆனால் பத்தாம் நூற்றாண்டில் மாளவத்து முஞ்சன் அவையிலிருந்த தனஞ்சயரின் தசரூபகத்துக்கு உரை கண்ட தனிகர் ஓர் இடத்தில் நின்று யோசிக்கிறார். பரசுராமன் இராவணனிடம் ஒரு வகையாகவும் இராமனிடம் வேறு வகையாகவும் பின்னர் இன்னொரு வகையாகவும் நாடகத்தில் நடந்துகொள்கிறானே, அது பிழையா? இல்லை என்கிறார். இந்தப் பெயர்கள் சாதிப் பெயர்கள் அல்ல, நிலைகளின் பெயர்கள். கன்று, காளை, முதிர்ந்த எருது என்பவை போல. கன்று என்பது ஒரு மாட்டின் இயல்பு அன்று, அதன் ஒரு பருவம்.

இந்த உரைப்பகுதி மூத்தவளுக்கு முதுகலையிலேயே பாடம். தேர்வில் அதைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தாள்.

கதைமாந்தர்களை வகைக்குள் அடைப்பதில் தீங்கில்லை, இன்பமே உண்டு. பீஷ்மரின் கதை முடிந்துவிட்டது. அம்புப் படுக்கை வரை எழுதியாயிற்று. அவர் இனி எழுந்து திரௌபதிக்கு விடை சொல்லப்போவதில்லை. கர்ணனைப் பற்றி நள்ளிரவு வரை சண்டையிடுவது, உரையாசிரியர்கள் செய்துவந்ததற்கு வெகுதொலைவில் உள்ள செயலும் அன்று. ராஹி மாசூம் ரஸா எழுதிய வசனங்களை வரி வரியாகப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்கள் வாதிட்டதைக் கேட்டிருந்தால் எந்த இலக்கிய ஆசிரியரும் மகிழ்ந்திருப்பார். அதே நான்கு எழுத்துகளை, கதை இன்னும் முடியாத ஒருத்தி எடுத்துப் போர்த்திக்கொள்ளும்போதுதான் சிக்கல்.

ஏப்ரல் இறுதியில் மூத்தவள் துறைத்தலைவருக்கு மின்னஞ்சல் எழுதினாள். நவம்பரில் கேட்கப்பட்ட கேள்விக்கு இப்போது விடையளிக்க விரும்புவதாகத் தொடங்கி, பதிவுகள் யாருடையவை, எந்த ஊரில், எந்த இரு கோடைகளில் எடுக்கப்பட்டவை, ஒலிபெயர்ப்பில் தன் பங்கு என்ன என்று வரிசையாகக் குறிப்பிட்டாள். எழுதி முடிக்க நான்கு நாள் ஆயிற்று. பயம் போயிருக்கவில்லை. இளையவளுக்கு நகல் அனுப்பலாமா என்று நெடுநேரம் யோசித்து, அனுப்பினாள்.

கட்டுரை ஏற்கெனவே இதழுக்குச் சென்றுவிட்டது, ஆவன செய்யப்படும் என்று ஒரு வரிப் பதில் வந்தது. மறு ஆண்டு அது வெளியானபோது இளையவளின் பெயர் நன்றியுரையில் ஆறாவதாக இருந்தது. உதவித்தொகை நீட்டிப்புக் கடிதம் தாமதமாக வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருந்ததாக நிறுவ எதுவுமில்லை. இளையவள் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் போனவள், பிறகு வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்துகொண்டாள். பதிவுகளைத் தன்னோடு எடுத்துச் சென்றாள். மூத்தவளோடு இப்போதும் பேசுகிறாள், அடிக்கடி அல்ல.

அட்டவணை மழைக்காலம் வரை சுவரில் இருந்தது. கடைசி வரிசையில் யாரோ பென்சிலால் விகர்ணன் என்று எழுதி, எதிரே உள்ள கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள்.