எரவாணத்துச் சாவி



மலருக்குக் கட்டுரை கேட்டால் 'நட்பு', 'தாயின் பெருமை' என்றுதான் நம்மில் பலர் பேனா எடுப்போம். நான் ஹார்டு டிஸ்க் பற்றி எழுதுகிறேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

போன செமஸ்டரில் என் நண்பன் ஒருவன் லினக்ஸ் கெர்னலைத் தானே கம்பைல் செய்தான். லேப்டாப் அவனுடையது அல்ல. ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் அவன் அண்ணன் தவணையில் வாங்கியது. மூன்று மணி நேரம் ஓடியது. நடுவில் கரண்ட் போகாதது மாரியம்மன் புண்ணியம்! மறுபடி ஆன் செய்தால் கருப்புத் திரை, 'கெர்னல் பேனிக்', ரூட் எஃப்எஸ்ஸை மவுண்ட் பண்ண முடியவில்லை என்று ஒரு வரி. பழைய கெர்னலை 'இடத்தை அடைக்குது' என்று முன்னமே நீக்கியிருந்தான். ஒரு கடையில் காட்டினோம். "ஃபார்மட் அடிக்கணும் தம்பி, உள்ள இருக்கறது எல்லாம் போயிடும்" என்றார்கள். உள்ளே இருந்தவை அண்ணனின் பி.எஃப். பேப்பர்கள், அண்ணன் குழந்தையின் முதல் வருடப் போட்டோக்கள். பையன் அன்று மதியம் சாப்பிடவில்லை.

உண்மையில் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கெர்னலுக்குத்தான் அதைப் பார்க்கத் தெரியவில்லை. ஒரு சாட்டா டிஸ்க்கைப் படிக்கக் கெர்னலுக்கு மூன்று பேர் துணை வேண்டும். போர்டில் உள்ள கன்ட்ரோலரோடு பேச ஏஎச்சிஐ டிரைவர். டிஸ்க்கை டிஸ்க்காகக் காட்ட ஸ்கஸி டிஸ்க் டிரைவர். அதிலுள்ள ஃபைல்களைப் புரிந்துகொள்ள ஈஎக்ஸ்டி4. சாட்டாவுக்கு எதுக்கு ஸ்கஸி என்று நானும் குழம்பினேன். லினக்ஸில் சாட்டா வேலை ஸ்கஸி வழியாகத்தான் நடக்கிறது. அதனால்தான் டிஸ்க்குக்கு 'எஸ்டிஏ' என்று பெயர். பழைய நோட்ஸில் வரும் 'எச்டிஏ' பழைய ஐடிஇ டிரைவர் வைத்த பெயர்; அந்த டிரைவரையே 2021-ல் 5.14 கெர்னலில் எடுத்துவிட்டார்கள். புது லேப்டாப்களில் என்விஎம்இ இருந்தால் அதற்குத் தனி டிரைவர்.

மெனுகான்ஃபிக்கில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒய், எம், என் என்று கேட்கும். ஒய் என்றால் கெர்னலுக்குள்ளேயே சேரும். எம் என்றால் தனி மாட்யூலாக டிஸ்க்கில் போய் உட்காரும். நண்பன் ஏஎச்சிஐக்கு எம் கொடுத்திருந்தான். டிஸ்க்கைத் திறக்கும் டிரைவரே டிஸ்க்குக்குள்!

என் அப்பா பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்குபவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். "என்னடா படிக்கிற?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "கம்ப்யூட்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அன்று ராத்திரி இதைச் சொன்னேன். வீட்டைப் பூட்டிட்டாங்க, சாவி உள்ளேயே மாட்டிக்கிச்சு என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "அதுக்குத்தான் எரவாணத்துல ஒண்ணு சொருகி வைக்கணும்" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இனிட்ராம்எஃப்எஸ் என்பது அதேதான்! தேவையான டிரைவர்களை மட்டும் கட்டி வைத்த சின்னப் பொட்டலம். பூட்டாகும்போது க்ரப் அதைக் கெர்னலோடு சேர்த்து மெமரியில் ஏற்றிவிடும். க்ரப் பயாஸ் உதவியோடு டிஸ்க்கைப் படிப்பதால் கெர்னலின் டிரைவர் அதற்குத் தேவையில்லை. நண்பன் கெர்னல் ஃபைலைக் கையாலேயே காப்பி செய்ததால் பொட்டலம் உருவாகவே இல்லை.

மறுநாள் பென்டிரைவிலிருந்து டெபியனை ஏற்றினோம். டிஸ்க் உடனே தெரிந்தது. போட்டோக்களைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. முதலில் எல்லாவற்றையும் காப்பி எடுத்தோம். பிறகு அந்த டிஸ்க்குக்குள்ளேயே சிஎச்ரூட் செய்து, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், அப்டேட்-க்ரப் என்று இரண்டு கட்டளைகள். வேலை பத்து நிமிடம்தான்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று: பேனிக் திரையைப் பார்த்ததும் பவர் பட்டனை அமுக்காதீர்கள். அதில் பார்ட்டிஷன் பட்டியல் இருக்கும். காலியாக இருந்தால் பெரும்பாலும் டிஸ்க் வரை போகும் டிரைவர் இல்லை. எஸ்டிஏ வரிசையாகத் தெரிந்தால் டிஸ்க் கிடைத்துவிட்டது. ஈஎக்ஸ்டி4-ஐயோ ரூட் பெயரையோ பாருங்கள். 'லோக்கல்மாட்கான்ஃபிக்' போட்டால் அப்போது ஓடும் மாட்யூல்களை மட்டும் எடுக்கும். பென்டிரைவைச் செருகி வைத்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் அதன் டிரைவர் விட்டுப்போகும். பழைய கெர்னலை மட்டும் தயவுசெய்து நீக்காதீர்கள்.

அண்ணனுக்கு இன்று வரை விஷயம் தெரியாது. இந்த மலர் ஓசூர் வரை போகாது என்ற தைரியத்தில் எழுதியிருக்கிறேன்.