சிலையின் நிழலில்

முன்பின் அறியாத வவுனியா நகரிலே ஒரு பகலைத் தனியே கழித்தேன். நூதனசாலையின் புத்தர் சிலைகளைக் கண்டபின் கச்சேரியடிக்கு நடந்தேன். அங்கே பண்டாரவன்னியன் சிலையாக நிற்கிறான். 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தவன்; அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்றான். ஆங்கிலத்தில் எழுதி அங்கு நாட்டிய நினைவுக்கல்லில், வென்ற கப்டன் டிறிபேர்க்கின் பெயரே முந்தி நின்றது. கல்லும் வென்றவன் பக்கந்தான்!

நிழலில் கச்சான் விற்ற கிழவியிடம், "இவர் ஆரெண்டு தெரியுமோ, ஆச்சி?" என்றேன்.

"எங்கட ராசா, தம்பி. அவரோடை சண்டைக்குப் போன சனம் எத்தினையோ, ஆர் கண்டது?"

அவன் வீரத்தை வகுப்பிலே எத்தனையோ முறை விரித்துரைத்திருக்கிறேன். இக்கேள்வியை மாணவர் எவரும் கேட்டதில்லை, நானும் எழுப்பியதில்லை. ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டு அவளருகே அமர்ந்தேன்.