சாட்சியும் தீர்ப்பும்

அம்பாசிடர் கார்கள் மிகுந்திருந்த நாளில், நீண்ட திருப்புளியின் முனையை ஓடும் எஞ்சின் மீது ஊன்றி, அதன் பிடியைக் காதோடு சேர்த்து வைத்து, உள்ளே தேய்வது எதுவெனக் கூறிய மெக்கானிக்குகளை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்குப் பின் வந்தோர் இன்று ஸ்கேனர் எனும் கையடக்கக் கருவியுடன் நிற்கின்றனர். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 ஊசிச் செருகியில் அதனை இணைத்தவுடன், காரின் கணினி தான் கண்ட குறையை ஓர் எண்ணாக அறிவித்துவிடுகிறது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து கட்டாயமான இவ்வமைப்பு, பின்னர் நம் நாட்டுக் கார்களிலும் இடம்பெற்றது.

இக்கருவி பட்டறைக்குக் கிடைத்த பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆயினும், அது சாட்சியே அன்றி நீதிபதி அன்று என்பதை நாம் உணர வேண்டும்.

பி0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். எஞ்சினுக்குள் செல்லும் கலவையில் காற்று மிகுந்து, பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சர் இதனைத் தெரிவிக்க, கணினி பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறது. எல்லை கடந்தும் சரியாகாதபோது விளக்கை எரியவிடுகிறது. ஏன் இப்படி ஆயிற்று என்பதை அந்த எண் சொல்வதில்லை. ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சரில் தூசி படிந்திருக்கலாம்.

சில மாதங்களுக்கு முன் நம் காரில் இதே குறியீடு தோன்றியது. ஒரு பட்டறையில் எண்ணைக் கண்ட மாத்திரத்தில் ஆக்சிஜன் சென்சரை மாற்றிவிடச் சொன்னார்கள். மற்றொரு பட்டறையில் இருந்த மூத்த மெக்கானிக், காற்று செல்லும் பாதையில் கருவி கொண்டு புகையைச் செலுத்தினார். விரல் பருமனுள்ள ஒரு ரப்பர் குழாயின் வளைவிலிருந்து நூல் போலப் புகை எழுந்தது.

“சென்சர் உண்மையைத்தான் சொல்லியிருக்கு பாய். உண்மையைச் சொன்னவனையே தூக்கி எறியச் சொல்றாங்க” என்று சிரித்தார். குழாயின் விலை அற்பம். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி தர நம்மில் எத்தனை பேர் இசைவோம்? மருத்துவர் நாடி பார்த்து, மருந்து வேண்டாம் என்று சொன்னாலும் அவருக்குரிய கட்டணத்தைக் கொடுக்கிறோம். மெக்கானிக்கிடமோ, ‘என்ன மாட்டினீர்கள்?’ என்று கேட்கிறோம். ஒன்றும் மாட்டவில்லையெனில், கூலி எதற்கு என்று வாதிடுகிறோம். சிந்தனைக்கு விலையில்லாத இடத்தில், பொருளை விற்றுத்தான் பட்டறைக்காரர் தம் குடும்பத்தைக் காக்க வேண்டியிருக்கிறது. தேவையற்ற பாகங்கள் நம் தலையில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதனால் வரும் இழப்பு நம் பணத்தோடு நிற்பதில்லை. எண்ணைப் பார்த்துப் பாகத்தை மாற்றுவது மட்டுமே வேலை என்று காணும் பயிற்சிப் பையன், காரணத்தைத் தேடும் கலையை எங்கே கற்பான்?

ஆதலின் பட்டறைக்குச் செல்வோர் மூன்றைக் கேட்பது நலம்: வந்த குறியீடு எது? அதனை உறுதிசெய்யச் செய்த சோதனை என்ன? கழற்றிய பழைய பாகம் எங்கே? கேட்டபின், சோதனைக்குரிய கூலியைப் பேரம் பேசாது கொடுத்துவிட வேண்டும். நேர்மையான பட்டறை நம் ஊரில் நிலைத்திருக்க அக்கூலியே துணை.