கொடுத்த தகவல் போதுமா?

மே 6

"இதெல்லாம் ஸ்கூல் கணக்குதான அத்தை?" என்று இந்து பத்துப் பக்கம் புரட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினாள். அண்ணன் மகள். பத்தாம் வகுப்பில் கணக்கில் சென்டம் வாங்கியவள், பொறியியல் முடித்துப் பெங்களூருவில் வேலை பார்க்கிறாள். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். கொரோனாவுக்குப் பிறகு பல பல்கலைக்கழகத் துறைகள் ஜி.ஆர்.இ. தேர்வு கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டன; அவள் குறித்து வைத்திருக்கும் துறைகளில் சில இன்னும் கேட்கின்றன. விடுப்பு எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டாள். எனக்கும் பள்ளி விடுமுறை. மாலை வேளைகளில் சேர்ந்து கணக்குப் போடுவதாக ஏற்பாடு.

பாடத்தைப் பொறுத்தவரை அவள் சொன்னது சரி. நுண்கணிதம் கிடையாது, முக்கோணவியல்கூடக் கிடையாது. விகிதம், சதவீதம், பகா எண், சமன்பாடு, முக்கோணம், வட்டம், சராசரி, நிகழ்தகவு என்று நம் ஒன்பது, பத்தாம் வகுப்புப் புத்தகங்களிலேயே பெரும்பகுதி இருக்கிறது. 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிவிட்டார்கள். இப்போது கணக்குக்கு 27 கேள்விகள், 47 நிமிடங்கள். முதல் பிரிவில் 12 கேள்விக்கு 21 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விக்கு 26 நிமிடம். முதல் பிரிவை எவ்வளவு நன்றாகச் செய்கிறோமோ அதைப் பொறுத்து இரண்டாவது பிரிவு கடினமாகவோ எளிதாகவோ வரும். மதிப்பெண் 130 முதல் 170 வரை. தப்பான விடைக்குக் கழிவு இல்லை, வழிமுறைக்கு ஸ்டெப் மார்க்கும் இல்லை.

மே 9

இன்று ஒப்பீட்டுக் கேள்விகள். பள்ளியில் நாம் தராத வகை இது. இரண்டு அளவுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஏ என்றால் முதல் அளவு பெரியது, பி என்றால் இரண்டாவது பெரியது, சி என்றால் இரண்டும் சமம், டி என்றால் கொடுத்த தகவலை வைத்து முடிவு சொல்ல முடியாது. எந்தக் கேள்வியானாலும் இதே நான்கு விடைகள், இதே வரிசை.

அவளுக்கு ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஓர் எண்ணின் மூன்று மடங்கு முதல் அளவு, அதே எண்ணின் நான்கு மடங்கு இரண்டாவது அளவு. எது பெரியது? பேனாவை எடுக்காமலே "நான்கு மடங்கு" என்றாள்.

"அந்த எண் மைனஸ் 2 ஆயிருந்தா?"

மைனஸ் 6, மைனஸ் 8. மூன்று மடங்குதான் பெரியது. பூச்சியமாக இருந்தால் இரண்டும் சமம். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண் மிகை எண் என்று கேள்வியில் எங்கும் இல்லை. அவள் மனமே அதைச் சேர்த்துக்கொண்டது. எந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் சேரும். ஓர் எண் என்று சொன்னதும் 1, 2, 3 என்று கையால் எண்ணிப் பார்க்கக்கூடிய முழு எண்ணே முதலில் வந்து நிற்கிறது. பூச்சியம், குறை எண், ஒன்றுக்கும் பூச்சியத்துக்கும் இடைப்பட்ட பின்னம் ஆகியவை கூப்பிட்டால்தான் வரும்.

நம் வகுப்பறையில் கேள்வித்தாளில் ஒரு கணக்கு இருந்தால் அதற்கு விடை உண்டு, கொடுத்த எண்கள் எல்லாம் அந்த விடைக்குத் தேவை என்று சொல்லாமலே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை நம்பியே பன்னிரண்டு வருடம் படித்த ஒரு பெண்ணிடம், "இதற்கு விடை சொல்லத் தகவல் போதுமா?" என்று முதல்முறையாக ஒருவர் கேட்கிறார். இது கணக்கில் கேட்க வேண்டிய மிக நல்ல கேள்வி என்று நினைக்கிறேன்.

மே 11

முக்கோணங்கள். ஒரு பக்கம் 5, இன்னொரு பக்கம் 8. படத்தில் இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் அச்சு அசலாகச் செங்கோணம் போல இருக்கிறது. ஆனால் செங்கோணக் குறி இல்லை. பரப்பளவு பெரியதா, 20 பெரியதா?

பாதி பெருக்கல் 5 பெருக்கல் 8, ஆக 20, சமம் என்று இந்து சொன்னாள். படம் அப்படிச் சொல்ல வைக்கிறது. ஜி.ஆர்.இ. தேர்வில் வடிவியல் படங்கள் அளவுப்படி வரைந்தவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, முன்குறிப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஒரு கோடு நேராகத் தெரிந்தால் நேர்கோடுதான், புள்ளிகளின் வரிசையை நம்பலாம். கோணத்தையும் நீளத்தையும் கண்ணால் முடிவுசெய்யக் கூடாது. ஆயத்தளப் படங்களும் எண்கோடுகளும் புள்ளிவிவர வரைபடங்களும் மட்டும் அளவுப்படி இருக்கும்.

8-ஐ அடிப்பக்கமாக வைத்தோம். 5 நீளமுள்ள பக்கத்தைச் சாய்க்கச் சாய்க்க உயரம் குறையும். எந்தப் பக்கம் சாய்த்தாலும் உயரம் 5-ஐத் தாண்டாது. செங்குத்தாக நிற்கும்போது மட்டும் சரியாக 5. ஆகவே பரப்பளவு 20 அல்லது அதற்குக் குறைவு. விடை டி.

பிறகு அவளே ஒன்று கேட்டாள்: "அந்தக் கோணம் செங்கோணம் இல்லைன்னு மட்டும் சொல்லியிருந்தா?" அப்போது கோணம் எத்தனை பாகை என்று தெரியாமலே 20 பெரியது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஒரு சின்ன நிபந்தனை சேர்ந்ததும் சொல்ல முடியாதது சொல்ல முடிந்ததாக மாறிவிடுகிறது. இதை அவள் தானாகக் கண்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரவுச் சாப்பாட்டின்போது அண்ணனிடமும் சொன்னேன்.

மே 15

டி என்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதன் ருசி கண்டபின் எதைப் பார்த்தாலும் டி என்று போடத் தோன்றும். அதனால் இன்று எதிர்ப்பக்கத்துக் கணக்குகளாகப் பொறுக்கி வைத்திருந்தேன்.

ஓர் எண்ணின் வர்க்கம் அதன் கனத்தைவிடப் பெரியது. அந்த எண் பெரியதா, 1 பெரியதா? பார்த்தால் டி போலத்தான் இருக்கிறது. 'எண் எதுவாகவும் இருக்கலாமே' என்று தோன்றும். ஆனால் வர்க்கம் பெரியது என்பதால் எண் பூச்சியமாக இருக்க முடியாது; இருந்தால் இரண்டும் சமமாகிவிடும். பூச்சியமில்லாத எண்ணின் வர்க்கம் எப்போதும் மிகை. அதனால் இரண்டு பக்கத்தையும் தயங்காமல் வர்க்கத்தால் வகுக்கலாம். 1 பெரியது என்று வந்து நிற்கிறது. குறை எண்ணோ பின்னமோ, எதைப் போட்டுப் பார்த்தாலும் மாறாது.

அடுத்தது: ஒரு வகுப்பில் மாணவர்களின் சராசரி 50, மாணவிகளின் சராசரி 62, மொத்த வகுப்பின் சராசரி 58. எண்ணிக்கையில் யார் அதிகம்?

"எத்தனை பேருன்னே குடுக்கலையே, எப்படிச் சொல்ல?"

"ஏட்டி, எத்தனை பேருன்னா கேட்டிருக்கு? யாரு அதிகம்னுதான கேட்டிருக்கு?"

ஒவ்வொரு மாணவனும் சராசரியாக 8 மதிப்பெண் கீழே இருக்கிறான், ஒவ்வொரு மாணவியும் 4 மேலே இருக்கிறாள். ஒருவனுடைய 8-ஐ ஈடுகட்ட இரண்டு மாணவிகள் வேண்டும். ஆக மாணவிகள் சரியாக இரண்டு மடங்கு. வகுப்பில் 30 பேரா 300 பேரா என்பது கடைசிவரை தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

ஆகவே ஒன்று தெரியவில்லை என்பதற்காக எல்லாம் தெரியாது என்றாகிவிடாது. டி போட வேண்டுமானால் இரண்டு உதாரணங்களைக் கையில் வைத்துக்கொண்டு போட வேண்டும். ஒன்றில் வரும் முடிவு இன்னொன்றில் வரக் கூடாது. அதுவே நிரூபணம். 'எனக்குத் தெரியவில்லை' என்பதும் 'யாராலும் சொல்ல முடியாது' என்பதும் வேறு வேறு. இரண்டாவதைச் சொல்ல நிறைய வேலை செய்ய வேண்டும்.

மே 16

திரையில் ஒரு கால்குலேட்டர் தருகிறார்கள். எட்டு இலக்கம்தான் காட்டும். 2-இன் 30ஆம் அடுக்கு பெரியதா, 10-இன் 9ஆம் அடுக்கு பெரியதா என்ற கேள்விக்கு அதைத் தட்டிப் பயனில்லை. 2-இன் 10ஆம் அடுக்கு 1024. அது 1000-ஐவிடப் பெரியது. இரண்டையும் மும்முறை பெருக்கினால் முடிந்தது. இந்து இதை நான் சொல்லி முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

மே 20

திட்ட விலக்கம். 10, 20, 30, 40, 50 ஒரு பக்கம். 110, 120, 130, 140, 150 இன்னொரு பக்கம். சூத்திரம் போட்டு ஒரு பக்கம் நிறைய எழுதினாள். எல்லா எண்ணோடும் 100 கூட்டினால் இடைவெளிகள் மாறாது, அதனால் விலக்கமும் மாறாது. நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் புள்ளியியல் பாடத்தில் இது இருக்கிறது. ஆனால் பப்ளிக் எக்ஸாமுக்கு ஐந்து மதிப்பெண் கணக்காகவே அதைப் படிக்கிறோம். அட்டவணை போட்டு, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் மார்க் வந்துவிடும். எதை அளக்கிறோம் என்று நின்று பார்க்க அங்கே நேரம் ஒதுக்குவதில்லை. எனக்கு இதில் நெடுநாள் வருத்தம் உண்டு.

மே 25

முழு மாதிரித் தேர்வு. கேள்விக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிடம். ஒரே பிரிவுக்குள் முன்னும் பின்னும் போகலாம், குறித்து வைத்துவிட்டுத் திரும்பி வரலாம். இந்து ஒரு நிகழ்தகவுக் கணக்கில் மாட்டிக்கொண்டு, விடாமல் அதையே போட்டுக்கொண்டிருந்தாள். ஆரம்பித்ததை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்பது நம் பிள்ளைகளின் நல்ல குணம். இந்தத் தேர்வில் அந்தக் குணம் நேரத்தை விழுங்கிவிடும்.

1936-இல் கார்னகி அறக்கட்டளையும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா பல்கலைக்கழகங்களும் சேர்ந்து சோதனையாகத் தொடங்கிய தேர்வு இது. பின்னால் 1947-இல் தொடங்கிய இ.டி.எஸ். நிறுவனத்தின் கைக்குப் போனது. 47 நிமிடத்தில் ஒருவர் நல்ல ஆராய்ச்சியாளர் ஆவாரா என்று கண்டுபிடிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. வேகத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுப்பதும் எனக்கு உவப்பில்லை. ஒப்பீட்டுக் கேள்வியை உருவாக்கியவர்களுக்கு மட்டும் மனமார நன்றி சொல்வேன்.

மே 30

இந்து நாளை கிளம்புகிறாள். பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு ஒப்பீட்டுக் கேள்வி கொடுக்கப் போகிறேன். மார்க் கிடையாது, காரணம் மட்டும் சொல்ல வேண்டும். முதல் கேள்வியை இருவரும் சேர்ந்து எழுதினோம். ஒரு செவ்வகத்தின் சுற்றளவு 20. பரப்பளவு பெரியதா, 25 பெரியதா?

நீளம் 5-ஐவிட எவ்வளவு கூடுகிறதோ அகலம் 5-ஐவிட அவ்வளவு குறையும். கூட்டலையும் கழித்தலையும் பெருக்கும் முற்றொருமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும். பரப்பளவு 25-லிருந்து அந்த வித்தியாசத்தின் வர்க்கத்தைக் கழித்தது என்று வரும். வித்தியாசம் பூச்சியமானால் சமம், இல்லாவிட்டால் 25 பெரியது. ஆக டி. சதுரமும் செவ்வகம்தான் என்பதை மறந்தவர்கள் பி என்பார்கள். அங்கே நல்ல வாதம் நடக்கும்.

"25-க்குப் பதிலா 26 போட்டு இன்னொரு கேள்வியும் குடுங்க அத்தை," என்றாள் இந்து. அதற்கு விடை பி. நீளம் தெரியாது, அகலம் தெரியாது, ஆனாலும் சந்தேகமே இல்லை. இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்து வைத்துவிட்டேன்.