கல்லங்குறிச்சித் தேர்க்கடையில் யோயோ வாங்கும்போது

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயிலில் வருகிறவர்கள் அரியலூரில் இறங்கி, பஸ் பிடித்து மேற்கே சுமார் 30 கிலோ மீட்டர் போக வேண்டும். திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பஸ்ஸில் வருகிறவர்களுக்கோ முதலில் பெரம்பலூர்தான். முன்பு இரண்டுமே திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் பிரிந்தது. 2007-ல் அரியலூரும் தனி மாவட்டமாக நிலைத்தது. பெண் எடுப்பதும் கொடுப்பதும் மட்டும் இன்னும் பிரியவில்லை! என் நாத்தனார் வாழ்க்கைப்பட்டிருப்பது அரியலூரில். அந்தச் சாக்கில் பங்குனி, சித்திரை வெயிலில் இந்தப் பக்கம் வந்து போவது எங்களுக்கு வழக்கம்.

குழந்தைகளோடு வருகிறவர்கள் இரண்டு கோயில்களைச் சேர்த்துப் பார்க்கலாம். ஒன்று, பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். இங்கே திங்கள், வெள்ளி இரண்டு நாட்கள்தான் வழக்கமாக நடை திறக்கும்; நாள் பார்க்காமல் கிளம்பி விடாதீர்கள். ஊறவைத்த அரிசியை அங்கேயே உரலில் இடித்து மாவிளக்குப் போடுவது இந்தக் கோயிலின் விசேஷம். வீட்டில் மிக்ஸியில் அரைத்துப் பழகிய கை உலக்கையைப் பிடித்ததும் கொஞ்சம் திணறும்.

மற்றொன்று, அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சி. கலியுக வரதராஜப் பெருமாளுக்கு இங்கே வழக்கமான மூலவர் சிலை கிடையாது. நெடிய கற்கம்பம்தான் பெருமாள். விளைந்த தானியத்தைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ராமநவமியை ஒட்டித் திருவிழா, தேர். தேர் என்றால் கடைகள் இல்லாமலா? வளையல், பஞ்சு மிட்டாய், பொரிகடலை, பொம்மை. "எதை எடுத்தாலும் முப்பது ரூபாய்க்கா!" என்று கடைக்காரர் கூவ, பிள்ளைகள் நம் முந்தானையைப் பிடித்து இழுக்க, நாம் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை வாங்கிக் கொடுத்து விட்டு நகரப் பார்ப்போம்.

யோயோ விஷயத்தில் மட்டும் அந்த அவசரம் வேண்டாம். ஏனென்றால், யோயோ என்று கேட்டால் மூன்று வேறு வேறு சாமான்களை எடுத்துக் காட்டுவார்கள்.

முதலாவது, கலர் காகிதத்துக்குள் மரத்தூளை அடைத்து ரப்பரில் கட்டிய பந்து. நம் சின்ன வயதில் ஆடியதுதான். மறுநாள் பிய்ந்து வீடெல்லாம் தூளாகும், அவ்வளவுதான்.

இரண்டாவது, உள்ளே தண்ணீர் போல ஏதோ நிரப்பிய கொழகொழ பந்து. நீளமாக இழுபடும் ஜவ்வுக் கயிறு. விளக்குப் போட்டால் மின்னும். இதை வாங்கவே வாங்காதீர்கள். குழந்தை இதைத் தலைக்கு மேலே சுழற்றினால், கயிறு நீண்டு, கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கொள்ளும். பந்தின் கனமே அதை மேலும் மேலும் சுற்ற வைக்கும். பதறிப்போன குழந்தைக்கு அவிழ்க்கத் தெரியாது. இப்படிப் பல குழந்தைகள் மூச்சுத் திணறியதால்தான் பிரிட்டனில் 2003-ல் இதற்குத் தடை போட்டார்கள். அமெரிக்காவிலும் சில மாநிலங்கள் தடுத்தன. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கயிற்றைக் கத்தரித்து எறிந்து விடுங்கள். அழட்டும், பரவாயில்லை.

மூன்றாவதுதான் அசல் யோயோ. இரண்டு வட்டுகள், நடுவிலே ஓர் அச்சு, அதில் பருத்தி நூல். இது நேற்று வந்த சாமான் இல்லை. கிறிஸ்துவுக்கு முன் 440-ஐ ஒட்டிய ஒரு கிரேக்கக் கிண்ணத்தில் பையன் ஒருவன் ஆடுகிற படம் இருக்கிறது. 1770 வாக்கில் ராஜஸ்தானத்துப் பூந்தியில் எழுதிய ஓவியத்தில் யோயோ வைத்திருப்பது ஒரு பெண்! பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்கா போன பெட்ரோ புளோரஸ் என்பவர் 1928-ல் கலிபோர்னியாவில் செய்து விற்க ஆரம்பித்த பிறகுதான் யோயோ என்ற பெயர் உலகமெல்லாம் பரவியது.

கடையிலேயே நூலை முழுக்க இறக்கிப் பாருங்கள். அச்சில் நூலை முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தால், அது மேலே கீழே மட்டும் போய்வரும். ஐந்தாறு வயதுக்கு இதுவே போதும். நூல் அச்சைச் சுற்றி வளையமாகத் தளர்ந்து இருந்தால், கீழே போய்ச் சற்று நேரம் நின்று சுழன்று, விரலைச் சுண்டியதும் ஏறி வரும். எட்டு வயதுக்கு மேல் வித்தை பழக ஆசைப்படுகிற பிள்ளைக்கு இதுதான். இரண்டு வட்டும் ஒரே கனமா என்று பாருங்கள். தொங்கவிட்டுச் சுழற்றினால் ஒரு பக்கம் சாய்கிறதைத் தள்ளி விடலாம். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், பிசிறு கீறும்.

விலை? திருவிழாக் கடையில் சில பத்து ரூபாயில் முடிந்து விடும். உள்ளே பால்ரஸ் வைத்தது டவுன் கடைகளில் சில நூறு; உலோகத்தில் செய்தது ஆயிரத்தைத் தாண்டும். விலை கூடினால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. வித்தைக்காரர்கள் வாங்குகிற பால்ரஸ் யோயோவில் பல, விரலைச் சுண்டினாலும் மேலே வராது. அதைத் திரும்ப வரவழைக்கவே தனிப் பழக்கம் வேண்டும். புதிதாகப் பழகும் பிள்ளை இரண்டே நாளில் மூலையில் போட்டுவிடும். முதல் யோயோவுக்கு மரமோ பிளாஸ்டிக்கோ, எளிய அச்சே உத்தமம். பெட்டியில் அடைத்து விற்பதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு அது கட்டாயம். பதிவு செய்த கைவினைஞர்கள் செய்வதற்கு விலக்கு உண்டு.

மூன்று வயதுக்குள் எந்த யோயோவும் வேண்டாம். அதற்கு மேலும், நூல் மாட்டிய விரலோடு தூங்க விடாதீர்கள். தொட்டிலில் கைக்குழந்தை இருக்கிற வீட்டில், அண்ணன்மார் யோயோவை ஆடி முடித்ததும் உயரத்தில் வைத்து விடுங்கள்.

நூல் பெரும்பாலும் பிள்ளையின் உயரத்துக்கு மீறியே இருக்கும். யோயோ தரையைத் தொட, நூல் நேராகத் தொப்புள் மட்டத்துக்கு வருகிற இடத்தில் அளந்து, விரல் வளையத்துக்குக் கொஞ்சம் விட்டு நறுக்க வேண்டும். நறுக்காமல் கொடுத்தால் ஏறாத யோயோவைப் பிள்ளை குற்றம் சொல்லும். நூல் அறுந்துபோனால் பொம்மையையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. இது பருத்தி விளைகிற சீமையாயிற்றே, பருத்தி நூல் கிடைக்காதா என்ன? இரண்டு மடங்கு நீளம் எடுத்து, நடுவிலே மடித்து முறுக்கினால் அச்சுக்கு வளையம் தானே அமைந்து விடும். நைலான் நூல் மட்டும் வேண்டாம், விரலை அறுக்கும்.